வாசகர் கேள்வி பதில்: “வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா?”

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, சொந்த நாட்டில் மனித உரிமை வேலை பார்த்து, அதனாலேயே அங்கே இருக்க முடியாமல் ஓடிவந்து, நம் கோலாலம்பூரில் ஒளிந்தும் ஒளியாமலும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தமிழர்களும் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரிதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் பி.டி.பி.டி.என். கல்விக் கடன், மருமகள் பிரச்சினை, முடி கொட்டுவது எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, எங்கள் வீட்டு மேல்மாடி அறையை ஓர் இலங்கைத் தம்பிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஐ.நா. கொடுக்கும் அகதி அட்டை, யு.என். கார்டு, வைத்திருக்கிறார். பகலில் சாப்பாட்டுக் கடையில் வேலை, நல்ல பிள்ளை. ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை விளக்கு எரிகிறது, போனில் தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசிக்கொண்டே இருக்கிறார். காணாமல் போனவர்களைப் பற்றி விவரம் சேர்க்கிறேன் என்கிறார். என் கணவருக்குப் பயம். எங்களுக்கு வம்பு வருமா? — வாசகி, செந்தூல்

முதலில் அந்த விளக்கு. இலங்கை நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கிளிநொச்சியில் ஓர் அம்மா சமைத்து, கழுவிக் கவிழ்த்து, பேரப்பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, அக்கம்பக்கம் அடங்கிய பிறகு பத்தரை மணிக்குப் போனை எடுத்தால் இங்கே ஒரு மணி. ஜெனிவா இன்னும் மோசம், கோடையில் ஆறு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஏழு. ஐ.நா. மனித உரிமைப் பேரவை அங்கேதான் வருடத்துக்கு மூன்று முறை கூடுகிறது. அந்த வாரங்களில் அங்கே மாலை ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் வைத்தால், உங்கள் மாடி அறையில் பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். ஆக அந்தப் பிள்ளை மூன்று கடிகாரத்தில் வாழ்கிறான், நான்காவதாகக் கடை முதலாளியின் கடிகாரம். தாழ்ந்த குரலில் பேசுவது உங்கள் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காகவும் இருக்கலாம் அம்மா.

சரி, வம்பு. இதில் உங்களுக்குப் பூச்சுற்ற விரும்பவில்லை. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணில் அகதி என்று தனிப்பிறவி கிடையாது, பெர்மிட் உள்ளவன், இல்லாதவன், அவ்வளவுதான். இல்லாதவனுக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 வருடம் வரை சிறை, 6 பிரம்படி வரை என்று எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட ஆளைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் மீது பாயும் பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. அதே சமயம் ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975-இலிருந்து, அதாவது வியட்நாம் படகு மக்கள் வந்த காலத்திலிருந்து, இங்கே வேலை செய்கிறது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பதிந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். இவர்கள் எல்லாரும் யாரோ ஒருவர் வீட்டில்தானே வாடகைக்கு இருக்கிறார்கள்? கார்டைப் பார்த்து விட்டுவிடும் போலீஸ்காரரும் உண்டு, கார்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போவதும் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது: கார்டின் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். கணவர் பயப்படுவது தப்பில்லை. பயப்பட வேண்டியது கார்டு காலாவதியாவதற்கு. விளக்கு எரிவதற்கு இல்லை.

வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார்க்கக்கூடாதா? அவர்கள் நாட்டுச் சண்டையை இங்கே ஏன் இழுத்து வருகிறார்கள்? நமக்கு இருக்கிற தலைவலி போதாதா? — வாசகர், பூச்சோங்

இதே கேள்வி வெவ்வேறு மொழிநடையில் பதினோரு கடிதத்தில் வந்திருக்கிறது. உங்களுடையது கொஞ்சம் மரியாதையாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

2007 நவம்பர் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி. நினைவிருக்கிறதா? விடியும் முன்னே பத்துமலை வாசலில் கண்ணீர்ப்புகை, அப்புறம் ஜாலான் அம்பாங் பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் பீரங்கி. டிசம்பரில் ஹிண்ட்ராஃப் ஐவர், விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் இசா சட்டத்தில், காமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். இயக்கத்தின் தலைவர் பொ. வேதமூர்த்தி நாட்டை விட்டு வெளியே போய்விட்டார், லண்டனில் இருந்துகொண்டு பேசினார். 2008-இல் அவருடைய பாஸ்போர்ட்டை நம் அரசாங்கமே ரத்து செய்தது. 2012 ஆகஸ்டில்தான் திரும்பி வந்தார். அடுத்த வருடம் துணை அமைச்சர், 2018-இல் அமைச்சர், அந்தப் பகுதியைப் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும், எனக்கும் இருக்கிறது, இப்போது வேண்டாம். நான் கேட்பது இதுதான்: அத்தனை வருடமும் “வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரேன்” என்று ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் லண்டனும் கோலாலம்பூரும் ஒன்றில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அவர் தெருவில் நின்று பேசலாம். இங்கே 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி, குடிமகனாக இல்லாதவருக்குக் கூட்டம் நடத்தவும் உரிமை இல்லை, கலந்துகொள்ளவும் உரிமை இல்லை. அதாவது முள்ளிவாய்க்கால் நாளில் நாம் பிரிக்ஃபீல்ட்ஸில் மெழுகுவத்தி ஏற்றி நிற்கலாம், அந்த ஊரிலிருந்து தப்பி வந்தவன் நம் பக்கத்தில் நிற்க முடியாது, எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரிதான் நிற்க வேண்டும். அவன் ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறான் ஐயா. கைதான் எழுதுகிறது.

குடிமக்களுக்கே இங்கே பேசுவது மலிவில்லை. ஐரின் பெர்னாண்டஸ் 1995-இல் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை எழுதி வெளியிட்டார். மறுவருடம் வழக்கு, 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது 2008-இல். பன்னிரண்டு வருடம் கோர்ட்டு வாசல். அடையாள அட்டை கையில் இருந்தவருக்கே அப்படி.

நாடு விட்டு வந்த பிறகுமா அந்த நாட்டு அரசாங்கம் துரத்தி வரும்? சினிமாக் கதை மாதிரி இருக்கிறதே. — வாசகர், பட்டர்வொர்த்

வருகிறது. இதற்கு எல்லை தாண்டிய ஒடுக்குமுறை என்று இப்போது பெயரே வைத்துவிட்டார்கள். தூரத்தில் எங்கோ இல்லை, நம் விமான நிலையத்திலேயே நடந்திருக்கிறது. 2012 பிப்ரவரியில் ஹம்சா கஷ்கரி என்ற சவூதி எழுத்தாளர், சில டுவீட்டுகளுக்காக உயிருக்குப் பயந்து நியூசிலாந்துக்குக் கிளம்பியவர், கே.எல்.ஐ.ஏ.வில் பிடிபட்டார், சில நாளில் திருப்பி ஏற்றி அனுப்பினார்கள். 2014 மே மாதம் மூன்று இலங்கைத் தமிழர்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு இருந்தவர்கள், அந்தப் பதிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. 2019-இல் ஒரு தாய்லாந்துப் பெண். 2021 பிப்ரவரியில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தடை போட்ட அன்றைக்கே 1,086 மியன்மார்க்காரர்களைக் கடற்படைக் கப்பலில் ஏற்றினார்கள், அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

2023 ஜூலை 4-ஆம் தேதி நடந்ததுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. துசார் மாங், மியன்மார் ஜனநாயகத்துக்காகக் குரல் கொடுத்தவர், இங்கே மியன்மார் முஸ்லிம் அகதிகளுக்காக உழைத்தவர். அம்பாங் ஜெயா வீட்டிலிருந்து அவரும் கணவரும் மூன்று பிள்ளைகளும் கடத்திக்கொண்டு போகப்பட்டார்கள். காவலாளி இருக்கிற, வண்டி எண் பார்த்து உள்ளே விடுகிற குடியிருப்பு அது. வந்த வண்டியின் எண் பொய் எண். குடும்பம் திரும்பவில்லை.

இதெல்லாம் பத்திரிகையில் வருகிறது. வராதது வேறு. பாஸ்போர்ட் காலாவதியானால் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போக வேண்டும், தூதரகம் என்பதே இவர்கள் யாருக்குப் பயந்து வந்தார்களோ அந்த அரசாங்கம்தான். போகாவிட்டால் கையில் செல்லாத புத்தகம், செல்லாத புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு கிடையாது, சிம் கார்டுகூடச் சொந்தப் பெயரில் வாங்க முடியாமல் யார் பெயரிலோ வாங்குவார்கள், அந்த யாரோ ஒரு நாள் கோபித்துக்கொண்டால் அந்த நம்பரை நம்பிப் பேசிய அத்தனை பேரின் தொடர்பும் போச்சு.

அப்புறம் ஊரில் இருக்கும் அம்மா. சீருடை இல்லாத இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, நாற்காலி போட்டால் உட்கார்ந்து, தேத்தண்ணீர் கொடுத்தால் குடித்து, “மகன் எங்க, மலேசியாவோ? சுகமா இருக்கிறாரோ?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மிரட்டல் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா அன்றிரவு போன் செய்து “எல்லாத்தையும் விட்டிடு ராசா” என்று அழும். 2014-இல் இலங்கை அரசு, புலம்பெயர் அமைப்புகள் பதினைந்தோடு 424 பேரின் பெயர்களையும் பயங்கரவாதப் பட்டியலில் போட்டு அரசிதழில் வெளியிட்டது. அடுத்த வருடமே பல பெயர்களை எடுத்துவிட்டார்கள், பின்னால் மறுபடி சேர்த்தார்கள். பட்டியலில் இருப்பவரோடு பேசினால் நமக்கும் ஆபத்தோ என்ற பயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டால் போதும், யாரையும் கடத்த வேண்டிய அவசியமே இல்லை.

நம் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேரை சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தார்கள், மறு வருடம் பிப்ரவரியில் குற்றச்சாட்டு அத்தனையும் கைவிடப்பட்டது. வழக்கு போய்விட்டது, பயம் போகவில்லை. ஈழம் என்ற சொல் அழைப்பிதழில் இருந்தால் மண்டபம் புக்கிங் ஆகிவிட்டது என்று சொல்லும் கமிட்டிகள் எனக்குத் தெரியும்.

நான் இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு வேலை செய்தவள். இங்கு வந்து எட்டு வருடம். இப்போது ஊரில் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். “நீங்க தப்பிப் போயிட்டீங்கள், வெளியில இருந்து கதைக்கிறது லேசு” என்று ஒருத்தி முகத்துக்கு நேரே, அதாவது ஸூமில், சொன்னாள். நான் இன்னும் இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா? — பெயர் வேண்டாம், கிள்ளான்

அந்தப் பெண் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது தங்கச்சி. உங்களுக்கும் தெரியும், அதனால்தான் வலிக்கிறது. எட்டு வருடத்தில் விலைவாசி மாறியிருக்கும், யார் யாரோடு பேசுவதில்லை என்பது மாறியிருக்கும், சோதனைச்சாவடி இருந்த இடத்தில் பேக்கரி வந்திருக்கும். ஊர் நிலவரத்தை ஊரில் இருப்பவர்கள் சொல்லட்டும். அவர்கள் சார்பாக ஒரு கூட்டத்தில் பேசும் முன் அவர்களையே பேச விட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் என்ன சொல்லப்போகிறேன் என்று முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அவ்வளவுதான் அந்தப் பாதி.

மற்றப் பாதிக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன் உங்களைப் போன்ற ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, நாற்பது பக்கம், அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டது. உள்ளே வரிசையாகப் பெயர், ஊர், பிடித்துப்போன நாள், கடைசியாகப் பார்த்தவர். கடைசிப் பத்தியில் சில இடத்தில் சின்னதாகச் சிலுவையோ புள்ளியோ போட்டிருந்தாள். சொல்லி வந்த தாய் செத்துவிட்டாள் என்று அர்த்தமாம். கவுண்டரில் இருந்தவர் இது என்ன பட்டியல் என்று கேட்டார். நான் சட்டென்று “ஓராங் ஹிலாங்” என்றேன், காணாமல் போனவர்கள். அவள் நாலு வருடம் உணவகத்தில் மலாய் கேட்டுப் பழகியவள், என் முழங்கையைப் பிடித்தாள்: “அக்கா, அவையள் தொலைஞ்சு போகேல்லை.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தமிழ் சோறு போடுகிறது எனக்கு, ‘போனோர்’ என்பதற்கும் ‘ஆக்கப்பட்டோர்’ என்பதற்கும் உள்ள தூரம் தெரியாமலா இருந்தேன்? “டிஹிலாங்கான்”, காணாமல் ஆக்கப்பட்டவர்கள், என்று மாற்றிச் சொன்னேன். அந்த அதிகாரி டைப் செய்வதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “யார் ஆக்கியது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்தது அந்த ஒரு சொல் மாற்றத்தால். 2017-இல் பெட்டாலிங் ஜெயாவில் பாதிரியார் ரேமண்ட் கோவைக் கடத்தியதற்குச் சிறப்புப் பிரிவு போலீஸ்தான் பொறுப்பு என்று மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் 2019-இல் சொன்ன பிறகு, அந்தச் சொல் இங்கேயும் அந்நியமில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20-ஆம் தேதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார்களில் பலர் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போர் முடிந்த 2009-இல் ஐம்பது வயது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் எட்டு வருடத்துக்கு முன், நினைவு தெளிவாக இருந்தபோது, உங்களிடம் சொன்னது உங்கள் கொப்பியில் இருக்கிறது. அதை இன்றைய பிள்ளைகள் திரும்பச் சேகரிக்க முடியாது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை 46/1 என்ற தீர்மானத்தில், இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்குக் கொடுத்தது. உங்கள் கொப்பி போய்ச் சேர ஒரு விலாசம் இருக்கிறது என்று இதற்குப் பொருள். அந்தப் பெண்ணிடம் கோபப்படாமல், அவளையே கூப்பிட்டு, இதில் எந்தக் குடும்பத்தைத் தெரியும், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஸூமில் வேண்டாம், தனியாக. ஒரு மாதம் ஓய்வும் எடுங்கள், அடுத்தவர் துக்கத்தை எட்டு வருடமாக இரவில் கேட்டால் யாருக்கும் உடம்பு கெடும்.

நான் ஐ.டி. படிக்கிறேன். இவர்களுக்கு ஏதாவது உதவ முடியுமா? பணம் இல்லை. — மாணவர், சுபாங்

பணத்தைவிட நல்லது உங்களிடம் இருக்கிறது. நான் பார்த்தவரை பெரிய தவறு ஒன்றுதான்: ஊரிலிருந்து வரும் படத்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்குவது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரம், இடம், கேமரா என்று கூடவே ஒட்டியிருக்கும் தகவல்களைக் கழற்றிவிடும். நீதிமன்றத்துக்கு வேண்டியது அதுதான். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் கழறாது. வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வைக்க, கோப்பு மாறவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் எண்ணைக் குறித்து வைக்க, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று ஓர் அட்டவணை எழுதச் சொல்லிக்கொடுங்கள். இதற்கென்றே பெர்க்லி நெறிமுறை என்று ஒன்று 2020-இல் வந்திருக்கிறது, தேடிப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை, அந்தத் தகவல்களே ஊரில் படம் எடுத்தவரின் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். அதனால் மூலப்பிரதி பூட்டிய இடத்தில், வெளியே காட்டுவதற்குக் கழற்றிய பிரதி. இரண்டையும் ஒரே போல்டரில் வைத்தால் உதைப்பேன்.

யு.என். கார்டு இருந்தால் வேலை செய்யலாமா? எப்போது அமெரிக்கா அனுப்புவார்கள்? — வாசகி, செலாயாங்

சட்டப்படி வேலை செய்ய முடியாது, எல்லாரும் செய்கிறார்கள், சம்பளம் தராவிட்டால் கேட்க முடியாது. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு, அந்தப் பாதியே நமக்குத் தலைசுற்றும். அமெரிக்கா 2025 ஜனவரியில் அகதிகளை எடுக்கும் திட்டத்தை நிறுத்திவைத்தது. யாராவது காசு கொடுத்தால் பெயரை முன்னால் தள்ளுகிறேன் என்று சொன்னால் ஏமாற்று, பத்து வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் பக்கத்து அறைத் தம்பியை அழைத்தேன். வர மாட்டேன் என்கிறார். நாங்கள் சாதி பார்ப்போம் என்று நினைக்கிறாரோ? — வாசகி, பத்துமலை

இல்லை அம்மா. உங்கள் வீட்டுக்கு எண்பது பேர் வருவார்கள், எண்பது பேரும் செல்ஃபி எடுப்பார்கள், சாயங்காலத்துக்குள் பேஸ்புக்கில் இடம், நேரம், முகம் எல்லாம் ஏறிவிடும். அதற்குத்தான் பயப்படுகிறார். கூட்டம் போன பிறகு ஒரு தட்டில் முறுக்கும் இடியாப்பமும் கொண்டுபோய்க் கதவைத் தட்டுங்கள். போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.